அலுமாரிக்குள் வந்த சக்களத்தி

நான் பொறாமைக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இந்த லயத்தில், மற்றப் பெண்கள் வயிறெரிகிற விஷயங்கள் எதுவும் என்னை அசைத்ததில்லை. நாத்தனாரின் புதுக் காப்பு, பக்கத்து வீட்டுப் பெரிய டிவி, யாரோ ஒருத்தியின் மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய போன், எதைப் பார்த்தாலும் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். என் வயிறு நிஜமாக எரிந்தது ஒரு துப்பாக்கியைப் பார்த்துத்தான்.

பெரிய துப்பாக்கி ஒன்றும் இல்லை. குரங்கு விரட்டுவதற்காக அனுமதி எடுத்து வாங்குகிற எயார் ரைபிள். வெடிமருந்து கிடையாது, காற்றை இறுக்கி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக்குண்டு ஒன்றைத் துப்பும்.

பூனாகலைப் பக்கத்தில் எங்கள் லயத்துக்குக் கீழே, தேயிலை செத்துப்போன சரிவில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திய பிறகு நானே கல் பொறுக்கி, நானே வரம்பு கட்டி, போஞ்சிக்கொடி போட்டேன். என் வீட்டுக்காரர் பண்டாரவளையில் த்ரீவீல் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களை எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஏற்றி இறக்கிவிட்டு இருட்டித்தான் வருவார். தோட்டத்தில் அவர் கால் பட்டது போஞ்சிக்குக் கம்பு நட்ட அன்று மட்டும்தான். கொடி கம்பில் ஏறிப் பிஞ்சு பிடித்த வாரமே குரங்குக் கூட்டம் இறங்கியது. தின்றால் கூடப் பரவாயில்லை. ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். நான் தகரம் தட்டுவேன், கத்துவேன். அவை மரத்தில் ஏறி உட்கார்ந்து, நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு மறுபடி இறங்கும்.

நிலம் என் பேரில் இருந்ததால் அனுமதியும் என் பேரில்தான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது என் துப்பாக்கி.

வாங்குவதற்கு இருவரும் த்ரீவீலிலேயே பதுளைக்குப் போனோம். கடை முதலாளி பெட்டியைத் திறந்து எண்ணெய்த் தாளை விலக்கிக் காட்டினார்.

“புதுச் சாமான், தங்கச்சி. உங்கட ஊரு பனி ஊருதானே. கவனமாப் பாக்காட்டி துரு புடிச்சிரும்,” என்றார். அவர் சொன்னது என்னிடம். தலையாட்டியது என் வீட்டுக்காரர்.

திரும்பும்போது பெட்டியைப் பின்சீட்டில் குறுக்காக வைத்து, என்னை ஓரமாக ஒடுங்கி உட்காரச் சொன்னார். வீடு வரைக்கும் ஒரு பள்ளத்தில் கூட வண்டி குதிக்கவில்லை. மகன் வயிற்றில் இருந்தபோது நிறைமாதக்காரியான என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் இதே மனிதர்தான். இதே பாதையில் அன்று குடல் வாய்க்கு வரும்படி ஓட்டினார். இப்போதோ பள்ளத்துக்குப் பள்ளம் வேகத்தைக் குறைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கிறாராக்கும் என்று நான் ஒரு முறை சிரித்தும் வைத்தேன். அவர் பெட்டியின் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

அன்று மாலை லயமே எங்கள் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், கூடியது. நான் அதை எடுத்துக் காட்டினேன். கறுப்புக் குழல், வெளிச்சத்தில் பிடித்தால் நீலம் ஓடியது. தோளில் வைக்கிற கட்டை நல்ல பழுப்பு மரம். அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே எனக்கு முதல் எரிச்சல். அவர் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். அதுவரைக்கும் அவருடைய போனைத் திறந்தால் மகனும் நானும் கோயில் வாசலில் நிற்கிற படம் வரும். மறுநாள் திறந்தால் துப்பாக்கி வந்தது.

மறுநாள் காலையில்தான் விஷயமே நடந்தது. அவர் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழலின் மேல் ஒரு விரல் அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் துரு. எங்கள் பக்கத்தில் பனி அப்படி. சேப்டி பின் துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், அலுமாரியின் கால் கூடத் தப்பவில்லை. ஆனால் இது வெறும் துரு இல்லை. உற்றுப் பார்த்தால் ரேகை தெரிந்தது. முந்தின நாள் நான் பிடித்துக் காட்டிய இடம்.

“இது ஒன் வெரல்,” என்றார்.

“அதுக்கென்னா?”

“ஒனக்குக் கையில உப்பு கூட. இனிமே தொடாத.”

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எண்ணெய்த் துணி தேடப் போய்விட்டார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கைதான் கல் பொறுக்கியது. இந்தக் கைதான் தினமும் விடியற்காலையில் அவருக்கு ரொட்டி தட்டுகிறது. ரொட்டியில் பட்டால் உப்பு அளவாக இருக்கிறதாம், இரும்பில் பட்டால் கூடிப்போகிறதாம். என் பேரில் வந்த என் சாமானைத் தொடாதே என்று சொல்ல இவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கையைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையை அவர் திருப்பி எடுக்க வேண்டும். குரங்கு, போஞ்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவரோ போனில் மூழ்கினார். துப்பாக்கிக்கு எப்படிப் பூச்சு போடுவது என்று உலகத்தில் யார் யாரோ பேசியதையெல்லாம் போட்டுப் பார்த்தார். சோறு போட்டு வைத்தால் ஒரு கை சோற்றில், ஒரு கண் போனில். கடைசியில் பண்டாரவளையில் வாகனம் கழுவுகிற கடையிலிருந்து ஒரு குப்பி கொண்டுவந்தார். கண்ணுக்கு விடுகிற மருந்து அளவுதான். வேன்களுக்குப் பூசுகிற கோட்டிங்காம். பூசினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடுமாம். தண்ணீரும் ஒட்டாது, வேர்வையும் ஏறாது. அவருடைய த்ரீவீலுக்கே அதைப் பூசியதில்லை. அது வெறும் மெழுகில் மினுங்குகிற வண்டி.

“ஒரு நல்ல துணி குடு. பஞ்சு விடாத துணி,” என்றார்.

அவர் இடுப்பில் உடுத்திப் பழசான சாரத்தைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துத் தள்ளிவிட்டார். அலுமாரியைத் திறந்து அவரே தேடினார். என் சாம்பல் நிற வாயில் சேலையை உருவி எடுத்தார். மகனைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று நான் உடுத்திய சேலை.

“இதுதான் மெது,” என்றார்.

“இத்தன வருசம் நான் உடுத்தித் தொவச்சதால மெது,” என்றேன்.

அதற்குள் கத்தரிக்கோல் ஓடிவிட்டது.

வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதை மறைக்க மாட்டேன். மரத்தையும் இரும்பையும் தனித்தனியாகக் கழற்றினார். துருவைத் தேய்த்து எடுத்தார். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் பூச்சு பிடிக்காது என்று இரும்பை ஸ்பிரிட்டால் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு சின்னப் பஞ்சு மெத்தை ஒன்றில் என் சேலைத் துண்டைச் சுற்றி, அதில் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, முதலில் நீளவாக்கில் பூசி, பிறகு குறுக்கே பூசினார். பூசியதும் இரும்பின் மேல் வானவில் நிறம் ஓடும். அது ஓடுகிற நேரம் பார்த்து மிச்சத்தைத் துடைக்க வேண்டும். முந்தினால் பூச்சு துணியோடு வந்துவிடும், பிந்தினால் திட்டுத்திட்டாக இறுகிவிடும். அவர் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு, கண் இமைக்காமல் அதையே பார்த்தார். என்னை இப்படிப் பார்த்தது எந்தக் காலத்தில் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்று கூட வடையைத்தான் பார்த்தார்.

பூசிய பிறகு ஈரம் படக் கூடாது. பனி ஊரில் ஈரம் படாத இடத்துக்கு எங்கே போவது? அலுமாரியைக் காலி செய்தார். உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய விட்டார். அந்தக் கதகதப்பில் இரும்பு உள்ளே போனது, என் சேலைகள் கொடிக்கயிற்றுக்கு வந்தன. கட்டைக்கு வேறு வைத்தியம். அதற்குக் கண்ணாடி நிற லேக்கர் வார்னிஷ் அடித்து, உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார். காய்ந்ததும் இன்னொரு தடவை அடிப்பார், மறுபடி தொங்கும்.

“அது காயிற வரைக்கும் அடுப்பு மூட்ட வேணாம். பொகையும் ஆவியும் கட்டையில படிஞ்சிரும். தாளிப்புன்னா பேசவே வேணாம்,” என்றார்.

இரண்டு காம்பராவும் ஒரு அடுப்பங்கரையும் உள்ள வீடு. நான் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காம்பரா அக்காவின் அடுப்புக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் விறகைத் தள்ளி இடம் விட்டாள்.

“என்னா தங்கச்சி, சக்களத்தி வந்தவொடன ஒன்ன அடுப்படிய விட்டே வெரட்டிட்டாளா?”

“சக்களத்தின்னா கூடமாட ஒரு சோறாவது வடிப்பா அக்கா. இவளுக்கு அதுவும் தெரியாது.”

“செவப்பா, கறுப்பா?”

“கறுப்பு. ஆனா என்னா மினுக்கு.”

அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அலுமாரிக் கதவு இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. உள்ளே அவளுக்குக் கதகதப்பு. வெளியே கொடியில் என் சேலைகள் பனியில் ஈரம் கோத்துத் தொங்கின. இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து எனக்குக் குளிருகிறதா என்று யாரும் கேட்டதில்லை.

இதற்கிடையில் குரங்குகள் ஒரு நாளும் தவறாமல் வந்தன. துப்பாக்கி வாங்கியும் நான் தகரம்தான் தட்டினேன். கீழ்ப்பக்கத்து இரண்டு வரம்பும் மொட்டையாகிவிட்டன. அவரிடம் சொன்னால், “இன்னும் இறுகல்ல, கொஞ்சம் பொறு,” என்பார். பயிரைக் காக்க வந்த சாமானைக் காப்பதற்காகப் பயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. முந்தின மாலைதான் கட்டைக்குக் கடைசிப் பூச்சு அடித்தார். காலையில் த்ரீவீலுக்கு மாலை போட்டுக்கொண்டு, பண்டாரவளைத் தரிப்பிடத்தில் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து வைக்கிற பூஜைக்குப் போய்விட்டார். வீட்டுப் பூஜை என் பொறுப்பு. மம்பட்டியைக் கழுவினேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, அருவாமனை, தேங்காய் துருவி, அம்மி, தகரம் தட்டுகிற கம்பி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அன்றைக்குப் பொட்டு வைக்காத ஆயுதம் வருஷம் முழுக்கக் கைக்கு அடங்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அலுமாரியைத் திறக்காமல் அதன் கதவிலேயே ஒரு பொட்டு வைத்து, இரும்புக்கு அது போதும் என்று முடித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது கட்டை. உத்தரத்திலிருந்து தொங்கி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

விட்டுவிடத்தான் நினைத்தேன். தொடாதே என்றவர் வந்து அவரே வைத்துக்கொள்ளட்டும். அம்மிக்குக் கூடப் பொட்டு உண்டு, உனக்குக் கிடையாது போ என்று அதைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. ஆனால் கற்பூரம் கொளுத்தப் போனபோது கை வரவில்லை. எல்லாம் பொட்டும் பூவுமாக இருக்க, ஒன்று மட்டும் மூளியாகத் தொங்கியது. அது யார் பேரில் வந்த சாமான்? என் பேரில். என் ஆயுதத்தை மூளியாக விட்டுவிட்டு நான் எந்தச் சாமிக்குக் கற்பூரம் காட்டுவது?

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மோதிர விரலில் சந்தனம் தொட்டு, சுடும்போது கன்னம் வைக்கிற இடத்தில் வைத்தேன். அதன் மேல் குங்குமம். விரலை எடுத்தேன், வரவில்லை. பனிக்கு லேக்கர் காயவே இல்லை. பார்க்கத்தான் காய்ந்த மாதிரி இருந்தது. இழுத்து எடுத்தபோது ஒரு சின்ன சத்தம் கேட்டது. சந்தனமும் குங்குமமும் பூச்சுக்குள் அமுங்கி, நடுவில் என் விரல் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது. முன்தானை நுனியால் துடைக்கப் போய், நூல் ஒட்டும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

பிறகு நாள் முழுக்க மனசுக்குள் சண்டை போட்டேன். அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று எல்லாம் தயார். ரொட்டியின் உப்பு, ஆஸ்பத்திரிக்குப் போன பாதை, போனில் இருந்த படம், சாம்பல் சேலை, ஒன்றையும் விடுவதாக இல்லை.

அவர் நெற்றியில் திருநீறும் கையில் கடலைப் பொட்டலமுமாக வந்தார். பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே கட்டையிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் கல்லாக இறுகியிருந்தது.

“தொடாதன்னு சொன்னீங்க. தொட்டுட்டேன்,” என்றேன். “பொட்டில்லாம விட என்னால ஏலாது.”

அவர் இன்னும் கிட்டப் போய் ரேகையைப் பார்த்தார்.

“சொரண்டி எடுங்க. எனக்கென்னா. என் கை பட்டாத்தான் எல்லாம் கெட்டுப்போகுமே.”

“ஏன் இப்பிடிக் கத்துற?” என்றார். “இது இங்க இருந்தா என்னா? எப்பிடியும் ஒன் கன்னம் படுற எடந்தானே.”

தயார் செய்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கேட்டேன்.

“என் கன்னமா?”

“வேற யாரு சுடப் போறா? கொரங்கு வாற நேரம் நான் ரோட்டுல. தோட்டத்துல நிக்கப் போறது நீ. மழையில நனைவ, வெயில்ல வேர்ப்ப, மம்பட்டிய போட்டுட்டு மண்ணுக் கையோட தூக்குவ. மொத நாளு ஒரே ஒரு வெரலு பட்டதுக்கே துரு ஏறிச்சே. அப்பவே வெளங்கிச்சு, இத இப்பிடியே ஒன் கையில குடுக்க ஏலாதுன்னு. நான் வச்சிருக்கிறதுன்னா எண்ணெய் தடவி மூடி வச்சிருப்பேன். இத்தன பூச்சு எதுக்கு?”

“அப்ப கையில உப்பு கூடன்னீங்க?”

“கூடத்தானே. நாள் பூரா மண்ணு கொத்துற கை. உப்பில்லாம இருக்குமா?”

திருப்பி எடுக்கச் சொன்ன வார்த்தையை அவர் திருப்பி எடுக்கவே இல்லை. அதையே இன்னொரு முறை சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் கூடுதலாக வந்தது. இதை அன்றைக்கே, அந்தத் துருவைப் பார்த்த இடத்திலேயே, இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன? வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? நான் இத்தனை நாள் எரிந்த எரிச்சலில் அலுமாரிக்குப் பல்பே தேவைப்பட்டிருக்காது. அதையும் சொன்னேன். அவர் பொட்டலத்திலிருந்து கடலையை எடுத்து மென்றுகொண்டு கேட்டார்.

மறுநாள் பொட்டின் மேலேயே இன்னொரு பூச்சு அடித்தார். சுரண்டினால் மரம் கீறும் என்றார். எனக்காகத்தான் வைத்தாரா, மரத்துக்காக வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் அடுப்பு மூட்டக் கூடாது, மறுபடியும் அக்கா வீட்டு அடுப்பு, மறுபடியும் அவள் கேலி. குரங்குகள் நடு வரம்பையும் முடித்துவிட்டன.

ஒருவழியாக மரமும் இரும்பும் சேர்ந்து துப்பாக்கி என் கைக்கு வந்த காலையில் அவர் ஆள் ஏற்ற, ஹயருக்கு, போகாமல் நின்றார். குரங்குகள் ஏறுகிற மரத்தில் ஒரு பழைய தகரத் தட்டைக் கட்டியிருந்தோம். அனுமார் ஜாதியை அடிக்க எங்களுக்கு மனசு வராது. தட்டில் பட்டுச் சத்தம் கேட்டால் போதும். எப்படிப் பிடிப்பது என்று இஸ்தோப்பிலேயே அவர் காட்டித் தந்தார். என் முழங்கையைத் தூக்கி விட்டார், தோளை நேராக்கினார். கன்னத்தைக் கட்டையில் வைத்தபோது பொட்டு இருந்த இடம் வழவழவென்று குளிர்ந்தது. குங்குமம் கன்னத்தில் ஒட்டவில்லை.

நான் மட்டும் கீழே இறங்கினேன். முதல் குண்டு எங்கே போனது என்று தெரியாது. அடுத்தது தட்டில் பட்டது. அந்தச் சத்தத்துக்கு மரமே குலுங்கியது. தாயும் குட்டியுமாக எல்லாம் மேட்டுக்கு ஓடின. போஞ்சி மிஞ்சியிருந்த கடைசி வரம்பில் நின்று, அவை ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவரிடம் ஓடிப் போய்க் காட்ட வேண்டும் போல இருந்தது.

தூறல் பிடித்துக்கொண்டது. தலை நனைந்து, முகமெல்லாம் தண்ணீராக மேலே ஏறி வந்தேன். இஸ்தோப்பில் அவர் என் சாம்பல் சேலைத் துண்டோடு தயாராக நின்றார். நான் முகத்தை நீட்டினேன். அவர் துப்பாக்கியை வாங்கினார்.

குழலை நுனியிலிருந்து அடிவரை துடைத்தார். கட்டையைத் துடைத்தார். பொட்டு இருந்த இடத்தை இன்னொரு முறை துடைத்தார். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியது, ஒரு சொட்டுக் கூட அதில் ஒட்டவில்லை. அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் திரும்பி, நான் இன்னும் ஈரத்தோடு நிற்பதைக் கண்டார்.

“இந்தா,” என்று அந்தத் துணியையே நீட்டினார். “இந்தப் பக்கம் காஞ்சிருக்கு.”